கப்பலுக்குப் போன பிறஸ்

எனக்குச் சக்களத்தி என்று ஒருத்தி வாய்க்கவில்லை. கப்பல்தான் வாய்த்தது. யாரோ ஒரு வெளிநாட்டு முதலாளியின் சரக்குக் கப்பல். அதை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. இவர், என் மனுசன், கொண்டுவந்து காட்டிய படத்தில் அது கரிய நிறத்தில், துருப்பிடித்த வயிற்றோடு, பார்க்க ஒன்றுக்கும் உதவாததாகத்தான் இருந்தது. அதோடு நான் பத்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன்.

எங்கள் ஊர் குடாநாட்டின் வடகரையில் இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போவது அங்கே புதினமில்லை. என் அப்பா வள்ளங்களுக்குப் பாய்மரத்துப் பாய் தைத்தவர். அவர் தைக்கும்போது நானும் அக்காவும் பக்கத்தில் இருந்து நூல் முறுக்கிக் கொடுப்போம். ஆனால் வள்ளத்தில் போனவர்கள் ஒரு மாதத்தில், மிஞ்சினால் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவார்கள். இவர் பெரிய கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தார். ஒப்பந்தம் என்றால் பதினாலு மாதம். பிறகு ஒன்றரை மாதம் வீட்டில். பிறகு மறுபடியும் பதினாலு மாதம். இதையெல்லாம் சம்பந்தம் பேச வந்தபோதே ஒளிக்காமல் சொன்னார்கள். கேட்டுவிட்டுத் தலையாட்டியவள் நான்தான். இருபத்திரண்டு வயதில் பதினாலு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்?

கலியாணத்துக்கென்று வந்தபோது இவர் ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று சேவ் எடுக்கும் பிறஸ். மாப்பிள்ளை ஆகப்போகிறோமே என்ற எண்ணத்தில், ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைக் கேட்டு வாங்கினாராம். பால் நிறப் பிடி. மயிர் நீளமாக, அடியில் கறுப்பும் நுனியில் வெள்ளையுமாக, தொட்டால் பூனைக்குட்டியைத் தொட்டது போல இருக்கும். பார்க்க அவ்வளவு வடிவு. தண்ணீரில் நனைத்தால்தான் அதன் லட்சணம் தெரியும். மயிர் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துவிடும். சவர்க்காரத்தில் வைத்துத் தேய்த்தால் வளைந்து வளைந்து கொடுக்குமே தவிர நுரையை எழுப்பாது. கன்னத்தில் வைத்தால் தண்ணீர் கழுத்தால் வழியும்.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிணற்றடியில் முருங்கை மரத்து ஆணியில் கண்ணாடியைக் கொழுவிவிட்டு இவர் சேவ் எடுக்க நின்றார். எங்கள் வளவுக் கிணறு உவர். அதில் சவர்க்காரம் கரையாது, திரளும். அதனால் கோயிலடி நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளிய குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். புதுப்பெண் அல்லவா, அப்படி நிற்பதே ஒரு பெருமையாக இருந்தது. இவர் சவர்க்காரத்தில் சுற்றினார், சுற்றினார், ஒன்றும் வரவில்லை. கோபப்படாமல் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“கப்பலிலை ஒரு பண்டிமயிர் பிறஸ் வைச்சிருக்கிறன். சரியான முரடு. ஆனால் ரெண்டு சுத்துச் சுத்தினால் முகம் தெரியாமல் நுரைக்கும்.”

அந்தப் பன்றிமயிர் பிறஸைப் பற்றிச் சொன்னவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த ‘கப்பலிலை’ காதில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு எண்ணத் தொடங்கிவிட்டேன். கப்பலிலை குழாயைத் திறந்தால் சுடுதண்ணி. கப்பலிலை பாண் அன்றன்றைக்குச் சுட்டது. கப்பலிலை கட்டில் ஆடுவதால் நித்திரை நன்றாக வரும். எங்கள் வீட்டுக் கட்டில் ஆடாமல் இருப்பது ஒரு குற்றமாகப் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னால், வேலை செய்கிற இடத்தைப் பற்றி ஆம்பிளைகள் கதைக்கத்தானே செய்வார்கள் என்பா. அம்மா சொன்னது சரி. என் குணம்தான் அப்படி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன்.

நாற்பத்தோராம் நாள் இவர் போனார். எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. கடலுக்குப் போகிறவர் தான் பாவித்த பொருள் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும். சிலர் சீப்பை விடுவார்கள், சிலர் செருப்பை. விட்டதை எடுக்க ஆள் திரும்பி வரும் என்ற எண்ணம். இவர் இந்தப் பிறஸை விட்டுவிட்டுப் போனார். யன்னலோரத்து ஆணியில், பிடியில் ஒரு நூல் கட்டித் தூக்கி வைத்தேன். காற்றடித்தால் அது மெல்ல ஆடும். காலையில் எழும்பியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

முதல் பதினாலு மாதமும் எப்படியோ போயிற்று. இவர் வந்தார். அதே பிறஸ், அதே சரிவு, அதே சிரிப்பு. அந்த முறை எனக்கு ஓர் ஆசை பிறந்திருந்தது. அப்போது அச்சுவேலி, நீர்வேலிப் பக்கமெல்லாம் தோட்டக்காரர்கள் கிணற்றுத் துலாவை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் ஓடுகிற நேரத்தில் மெசின் நின்றுவிட்டால், திருத்த ஆள் தேடி அலைவார்கள். இவர் ஒருநாள் தெரிந்தவர் ஒருவரின் மெசினைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தார். அதன்பிறகு ஆட்கள் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் நின்று கேட்கத் தொடங்கினார்கள். நெல்லியடியில் ஒரு சிறு கடை எடுத்து மெசின் திருத்தினால் என்ன என்று நான் கேட்டேன். இவர் “பாப்பம்” என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. 

போவதற்கு முதல்நாள் சேவ் எடுக்கும்போது இவர் கன்னத்தை வெட்டிக்கொண்டார். நுரை இல்லாத கன்னத்தில் பிளேட் இழுத்தால் வேறென்ன நடக்கும்? இரத்தம் கழுத்துவரை வந்தது. நான் படிகாரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இவர் சொன்னார், கப்பல் ஆடுகிற நேரத்திலும் தான் ஒருநாளும் வெட்டிக்கொண்டதில்லை என்று.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. ஆடாத வீட்டில் நின்று வெட்டிக்கொண்டு, ஆடுகிற கப்பலைப் புகழுகிறார். அன்று நான் முடிவெடுத்தேன். சுடுதண்ணிக் குழாய் என்னால் முடியாது. கட்டிலை ஆட்டவும் முடியாது. இந்த ஒரு பிறஸ் விஷயத்திலாவது அந்தக் கப்பலை வெல்லாமல் விடுவதில்லை. இதில் வென்றால் மற்றதெல்லாம் தானாகச் சரிவரும், மனுசன் வீட்டோடு இருந்துவிடுவார் என்று நம்பினேன். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது அதை விளையாட்டாக நினைக்கவில்லை.

புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. பழைய பிளேட்டைக் கூராக்கக் கண்ணாடிக் கிளாசுக்குள் தேய்த்துத் தேய்த்துப் பாவித்தார்கள். நெல்லியடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு பெண் வந்து சேவ் எடுக்கிற பிறஸ் கேட்பதே கடைக்காரர்களுக்குப் புதினம். ஒருவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பிறஸை எடுத்துக் காட்டினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அதைத் திரும்பவும் தட்டில் வைத்துவிட்டார்.

ஆகவே இந்த முறையும் இவர் ஆணியில் விட்டுப்போன பிறஸைத்தான் திருத்த வேண்டும். அதன் நோய் எனக்கு விளங்கியது. மயிர் நீளம், அடியில் பிடிப்பில்லை. முதலில் எனக்கு வந்த யோசனை கஞ்சி. தொளதொளத்த வேட்டியைக் கஞ்சி போட்டு விறைக்க வைக்கிறோம், இதுவும் அப்படித்தானே என்று நினைத்தேன். சோறு வடித்த கஞ்சியில் பிறஸைத் தோய்த்து வெயிலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தால் கம்பி கம்பியாக நின்றது. எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. தண்ணீரில் வைத்த கணத்தில் கஞ்சி கரைந்து, செம்பு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அடுத்த நாள் பிறஸ் நிறைய எறும்பு. அம்மா கண்டுவிட்டு, இனி அதற்கு ஒரு மாங்காய்ச் சம்பலும் அரைத்து வை என்றா.

பிறகு சைக்கிள் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி, மயிரின் அடியில் போட்டுப் பார்த்தேன். சவர்க்காரம் பட்டதும் வழுக்கி மேலே ஏறிவிட்டது. போதாததற்குக் கறுப்பு வேறு கழன்றது. கத்தரிக்கோலை எடுத்து ஓர் ஓரமாக நுனியை வெட்டியும் பார்த்தேன். அதைக் கையில் தேய்த்தால் குத்தியது. வெட்டிய மயிர் வளராது என்பது வெட்டிய பிறகுதான் உறைத்தது. அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவருடைய பொருளில், அதுவும் திரும்பி வருவதற்கென்று விட்டுப்போனதில், கத்தரிக்கோலை வைத்தேனே என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகு தங்கூசி நூலால் சுற்றிக் கட்டினேன். அது மீன்பிடிக்கிற நைலோன் நூல். அறாது, ஆனால் இறுகியும் நிற்காது. இரண்டு சுற்று நுரைப்பதற்குள் அவிழ்ந்து கோப்பைக்குள் கிடந்தது.

ஒவ்வொன்றையும் பரீட்சை பார்க்க வேண்டும் அல்லவா. இவர் விட்டுப்போன சவர்க்காரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, என் முழங்கையில் பூசிப் பார்ப்பேன். கழுவிய தண்ணீர் வெள்ளையாகக் கிணற்றடி வாய்க்காலால் ஓடி வாழையடிக்குப் போகும். பிறஸை ஆணியில் காயவிடுவேன். இதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் ஊரில் கப்பல்காரன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்றடியில் சேவ் எடுத்த நுரையும், நனைந்த பிறஸும் இருந்தால் ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். வேலிக்கு அந்தப் பக்கத்தால் போன யாரோ கண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானம் இவருடைய அக்கா, என் மச்சாள், ஒரு பெரிய விளைமீனை ஓலைப்பையில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்து நின்றா. தம்பி எப்போது வந்தான், ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டுக்கொண்டே அறை அறையாகப் பார்த்தா. பிறகு குசினியில் அடுப்படியில் நின்ற என்னிடம் வந்தா. என் முழங்கையில் காய்ந்த சவர்க்காரம் இருந்தது.

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பிறஸைத் திருத்துகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஊரில் புருசன் இல்லாத பெண் அவனுடைய பிறஸை நனைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறாள் என்று யார் சொன்னாலும், சொல்வதில் பிழையில்லையே. மச்சாள் பலகையை இழுத்துப் போட்டு இருந்து, மீனைச் செதில் எடுக்கத் தொடங்கினா. கொண்டுவந்த மீனைத் திருப்பிக் கொண்டுபோக முடியுமா? பாதி வெட்டிய பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னா.

“என்ரை மனுசன் கடலுக்குப் போயிருக்கிற நாளிலை நான் அவர் இடுப்பிலை கட்டுற சறத்தை நனைச்சுக் கொடியிலை போடுவன். காயிறதைப் பாத்துக்கொண்டு இருப்பன். ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

மூன்று பேருமாக இருந்து விளைமீன் குழம்பு சாப்பிட்டோம். அம்மா, மச்சாள், நான். யாருக்கென்று வந்த மீனோ. மச்சாள் போகும்போது அந்தப் பிறஸை ஆணியிலிருந்து எடுத்து, ஒருமுறை உள்ளங்கையில் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கொழுவினா.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் அதைத் தொடவில்லை. ஒருநாள் அலுமாரியின் லாச்சியை இழுத்து எதையோ தேடும்போது அப்பாவின் நூல்கட்டை கையில் பட்டது. அப்பா போய் அப்போது நாலு வருடம். பாய் தைக்கிற பருத்தி நூல், நாங்கள் முறுக்கிக் கொடுத்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கஞ்சி, ரியூப், தங்கூசி என்று ஊரெல்லாம் சுற்றியவள், பாய்காரன் மகள், பருத்தி நூலை மறந்துவிட்டேன். கயிற்றின் நுனி பிரியாமல் இருக்க அப்பா நூலால் நெருக்கமாகச் சுற்றி, நூலின் முனையை அந்தச் சுற்றுக்கு உள்ளாலேயே இழுத்து மறைத்துவிடுவார். அது அவிழ்ந்து நான் கண்டதில்லை. பருத்தி நனைந்தால் ஊதி இறுகும். பாயும் அப்படித்தான், கயிறும் அப்படித்தான். எங்கள் ஊரில் பல்லு முளைத்த பிள்ளைக்கும் அது தெரியும்.

பிடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு, மயிரை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, பதினொரு சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றையும் பல்லால் இழுத்து இறுக்கினேன். முனையை உள்ளே இழுத்து அறுத்தேன். நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தேன். எடுத்து உதறியபோது மயிர் சரியவில்லை. நீளத்தில் பாதிதான் வெளியே நின்றது, ஆனால் நிமிர்ந்து நின்றது. சவர்க்காரத்தில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாம் சுற்றில் நுரை கிளம்பிவிட்டது. கோப்பை நிறைந்து கையால் வழிந்தது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. காட்டுவதற்கு ஒருவரும் இல்லை. என்ன நினைத்தேனோ, நுரையை அள்ளி என் கன்னத்தில் பூசிக்கொண்டு முருங்கை மரத்துக் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைத் தாடியோடு ஒரு பெண். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சவர்க்கார வாசம் மூக்குக்குள் ஏறியது. அது இவர் சேவ் எடுத்துவிட்டுக் குனிந்து செம்பை வாங்குகிற நேரத்து வாசம். அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன். இவர் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் ஒருநாளாவது இவர் பக்கத்தில் வந்து நிற்கமாட்டாரா என்று மனம் கிடந்து ஏங்கியது. அதை இவருக்குக் கடிதத்தில் எழுத எனக்கு வெட்கம். மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்றுதான் எழுதினேன்.

இவர் வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் செம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இவர் பிறஸை நனைத்தார். சவர்க்காரத்தில் வைத்துச் சுற்றினார். கை பழக்கத்தில் சுற்றிக்கொண்டே போக, நுரை பொங்கி விரலுக்கு மேலே வந்துவிட்டது. அப்போதுதான் குனிந்து பார்த்தார். நூலைக் கண்டார். விரலால் தடவினார்.

“ஆர் கட்டினது?”

“நான்தான்.”

கன்னம் முழுக்கப் பூசி, வழித்து, திரும்பவும் பூசி வழித்தார். அவ்வளவு நேரம் எடுத்து இவர் சேவ் எடுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன்பிறகு நாள் தவறாமல் எடுத்தார். கப்பலிலை என்ற சொல்லே வீட்டில் கேட்கவில்லை. நான் உள்ளுக்குள் எண்ணினேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை, மூன்று கிழமை. நெல்லியடிச் சந்தியில் ஒரு கடை காலியாகக் கிடக்கிறது என்றேன். இவர் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். கூரை ஒழுகும், தென்னோலைக் கிடுகு மாற்ற வேண்டும் என்றார். கிடுகு மாற்றுவதைப் பற்றி ஒரு மனுசன் பேசினால் அதற்கு என்ன அர்த்தம்? நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அதே கப்பல். இன்ன தேதியில் வந்து ஏறவும். இவர் அதை இரண்டு முறை வாசித்தார். இந்த ஒருக்கா மட்டும், வந்ததும் கடையைப் பாப்பம் என்றார்.

போகிற அன்று காலையில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தோம். இவர் எழும்பிப் போய், யன்னலோரத்து ஆணியிலிருந்து பிறஸைக் கழற்றினார். துணியில் துடைத்துச் சுற்றி, பெட்டிக்குள் வைத்தார். 

“உது நல்லாய் நுரைக்குது. நான் கொண்டு போறன்.”

எத்தனை மாதம் மல்லுக்கட்டி, எறும்பு கடிபட்டு, மச்சாளுக்கு முன்னால் வெட்கப்பட்டு, பல்லால் இழுத்துக் கட்டியது. கப்பலை வெல்லவென்று கட்டியதைக் கப்பலே கொண்டுபோகிறது. அதுகூடப் பரவாயில்லை. விட்டதை எடுக்க ஆள் வரும் என்ற நம்பிக்கையில் தொங்கிய பொருள் அது. அதையும் எடுத்துக்கொண்டால் இனி எதற்கு வருவார்? வேண்டாம், வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். பயணம் போகிறவருக்கு முன்னால் அழக்கூடாது. செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கார் கோர்ன் அடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

அந்தப் பதினாலு மாதம் எல்லாவற்றிலும் கொடியது. வெறும் ஆணியைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வரும். கோபம் தணிந்தால் அழுகை வரும். ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், பிடுங்காமல் வந்திருக்கிறேன். இவர் எங்கோ ஒரு கடலில், சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, என் கட்டுப் போட்ட பிறஸால் முகம் தெரியாமல் நுரைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்துகொண்டே இருக்கும். இனி என்ன குறை அங்கே? வீட்டில் நன்றாக இருந்த ஒன்றும் கப்பலுக்குப் போய்விட்டது. கடிதங்களைக் குறைத்துவிட்டேன். எழுதியவையும் நாலு வரி. இவரும் அந்தப் பிறஸைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் அலுமாரியிலிருந்து இவருடைய சறம் ஒன்றை எடுத்து, நனைத்துக் கொடியில் போட்டேன். மச்சாள் சொன்னது உண்மைதான். அது காய்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடிகிறது.

இவர் வந்தார். வாசலில் பெட்டியை வைத்ததும், மெலிந்துவிட்டீர் என்றார். நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இவர் குளிக்கப் போக, ஊத்தை உடுப்புகளைப் பிரித்தெடுக்கப் பெட்டியைத் திறந்தேன்.

சேவ் எடுக்கிற சாமான்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அதற்குள் அந்தப் பண்டிமயிர் பிறஸ் இருந்தது. மயிர் தேய்ந்து, கட்டை விரல் உயரம்கூட இல்லை. அடியில் சவர்க்காரம் கட்டிபட்டுக் காய்ந்திருந்தது. நேற்றுக் காலையும் பாவித்திருக்க வேண்டும். என்னுடையது அதற்குள் இல்லை. தொலைத்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். உடுப்பெல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். அடியில், என் கடிதங்களோடு சேர்த்து, நான் கண்ட அதே துணியில் சுற்றி வைத்திருந்தது.

பிரித்தேன். பால் நிறப் பிடி அப்படியே மின்னியது. மயிரில் ஒரு துளி சவர்க்காரம் பட்ட அடையாளம் இல்லை. ஆனால் நூல் தளர்ந்திருந்தது. பதினொரு சுற்றும் தொளதொளத்து, தொட்டால் கழன்றுவிடும் போல மேலும் கீழுமாக அசைந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, தலையைத் துவட்டிக்கொண்டு இவர் உள்ளே வந்தார்.

இதை ஒருநாளும் பாவிக்கவில்லையா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். நன்றாக நுரைக்கிறது என்று சொல்லித்தானே கொண்டுபோனீர்கள் என்றேன். இவர் பிறஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நனைச்சால் கட்டு இளகிப்போம் எண்டு வைச்சிட்டன்.”

பருத்தி நூல் நனைந்தால் இளகாது. இறுகும். நனையாமல் கிடந்தால்தான் தளரும். பதினாறு வயதில் வள்ளத்தில் பாய்க்கயிறு பிடித்த மனுசனுக்கு அது தெரியாதா? எனக்குத் தெரியும் என்பது இவருக்குத் தெரியாதா? இவர் துவாயை முகத்தில் போட்டுத் துடைத்துக்கொண்டே நின்றார். முகம் எப்போதோ காய்ந்துவிட்டது.

நான் குடத்தில் நல்ல தண்ணீர் எடுத்து, செம்பில் ஊற்றி, பிறஸை அதற்குள் வைத்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் நூல் இறுகிவிட்டது. எடுத்து இவர் கையில் கொடுத்தேன். அன்று பின்னேரம், சேவ் எடுக்கிற நேரமே இல்லாத நேரத்தில், முருங்கை மரத்தடியில் நின்று இவர் சேவ் எடுத்தார். நுரை காதுவரை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்தால் போன ஒருத்தி எட்டிப் பார்த்து, இந்த முறை உண்மையாக ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அந்த முறையும் நாற்பது நாள்தான். நெல்லியடிக் கடைக்கு வேறு யாரோ கிடுகு மாற்றிப் புடவைக்கடை வைத்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. போகவேண்டாம் என்று இரண்டு நாள் சண்டை பிடித்தேன். போகிற அன்று காலையில் கடைசியாகச் சேவ் எடுத்துவிட்டு, பிறஸைக் கழுவி, யன்னலோரத்து ஆணியில் தானே கொழுவினார். போன முறை செய்தது எனக்கு எப்படி இருந்தது என்று மச்சாள் சொல்லியிருக்க வேண்டும். 

பெட்டியைப் பூட்டப் போனார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய் அதைக் கழற்றினேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் சேலைத் தலைப்பில் ஒற்றி, வெயிலில் பிடித்து, ஈரம் இல்லாமல் காயவிட்டேன். கார் வந்து படலையில் நின்றது. துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில், கடிதங்கள் இருந்த இடத்தில் வைத்தேன்.

“கவனம். நனைச்சுப் போடாதேங்கோ. கட்டு இளகிப்போம்.”

“ஓம்” என்றார்.